வாசனையில்லாத ஒரு புட்டி

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
9 நவம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40

கடிதம் எண் 31
பொருள்: உன் முகத்தில் பூசும் நீர்

அன்பு மகனே, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ பிரான்சுக்குப் போன நாளிலிருந்து உனக்கு எழுதும் கடிதங்களுக்கு எண் போட்டு வருகிறேன் என்பது உனக்குத் தெரியும். முப்பதாவது கடிதத்துக்கும் இதற்கும் நடுவே விழுந்திருக்கும் இடைவெளிக்குத் தபால்துறை காரணமல்ல. நான்தான் காரணம். அக்டோபர் 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்த நேரத்தில் நீ தொலைபேசியில் அழைத்தாய். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயாயிற்றா என்று கேட்டாய். போயாயிற்று என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாய்.

“அத்தா, ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“நிக்காஹ்ல எம் மூஞ்சில பன்னீர் தெளிக்க வேணாம்.”

“வேற யார் மூஞ்சில தெளிக்கிறது? ஒம் மாமனார் மூஞ்சிலயா?”

நீ சிரிக்கவில்லை. “வெளையாடாதத்தா. வெறும் தண்ணி பட்டாலே எரியுது. வாசன கலந்தது எதுவும் கிட்டயே வரக்கூடாதுன்னு இங்க டாக்டர் சொல்லிட்டாரு. அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி செவந்து போன மூஞ்சியோட என்னால ஒக்கார முடியாது. அத நெனச்சாலே ஊருக்கு வரவே பயமா இருக்கு” என்றாய். நான் தொலைபேசியை உன் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அதன் பிறகு நீ அழைத்தபோதெல்லாம் நான் கடையில் இருப்பதாகவோ பள்ளிவாசலில் இருப்பதாகவோ சொல்லச் சொன்னேன். அவற்றில் சில மட்டுமே உண்மை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நீ ஸ்பீக்கரில் அவளிடம் “அத்தா இன்னும் கோவமா?” என்று கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு ஏன் அவ்வளவு உறைத்தது என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். நம் வீட்டு நிக்காஹ்களில் சம்மதம் கேட்டு, துஆ ஓதி முடித்தவுடன், அப்போது கடையைப் பார்த்துக்கொள்பவர் எவரோ அவர் வெள்ளிப் பன்னீர்ச் செம்பை எடுத்து மாப்பிள்ளையின் முகத்தில் முதலில் தெளிப்பார். அதற்குப் பிறகுதான் சபைக்குத் தெளிப்பது. மற்ற வீடுகளில் வாசலில் ஒரு சின்னப் பெண்ணை நிறுத்தி வருகிறவர்கள்மேல் தெளிக்கச் செய்வார்கள். அத்தர் வியாபாரம் செய்யும் நாம் மட்டும் அதை மேடையில் செய்வோம். என் முகத்தில் என் தகப்பனார் தெளித்தார். உன் முகத்தில் நான் தெளிப்பேன் என்று நீ தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே எண்ணியிருந்தேன். அதனால் நீ சொன்னது, என் கை உன்மேல் படக் கூடாது என்று சொன்னதாகவே என் காதில் விழுந்தது. நீ சொன்னது அதுவல்ல. உனக்கு எரிகிறது என்று மட்டும்தான் சொன்னாய். அந்த ஒரு சொல்லை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

என் அண்ணன், உன் பெரியத்தா, வேறு என்னை ஏற்றிவிட்டார். “அத்தர் கடக்காரன் வீட்டு நிக்காஹ்ல பன்னீர் இல்லன்னு மார்க்கெட் பூரா பேசுவாங்கடா. நாளைக்கு எவன் நம்ம கடைக்கு வருவான்?” என்றார். உன் அம்மா சமையற்கட்டிலிருந்தே, “கடைய கட்டிக்கப் போறானா, பொண்ண கட்டிக்கப் போறானா?” என்று கேட்டாள். அவர் தேநீரை முழுவதும் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் செய்த காரியத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய்; சிரித்துக்கொள். தாடிக்கு மேலே கன்னத்தை மழித்துவிட்டு, உன்னோடு வழக்காடுவது போல, உள்ளங்கை நிறையப் பன்னீரை ஊற்றி முகம் முழுவதும் அறைந்துகொண்டேன். எரிந்தது. எப்போதும் எரியும்தான். ஆனால் அன்று கண்ணாடியில் என் முகத்தை நன்றாகப் பார்த்தேன். மூக்கின் இரு பக்கமும் செந்திட்டு. கன்னத்தில் மாவு உதிர்வது போலச் செதில். கோடைக்காலம் முதலே அந்த நமைச்சல் இருந்து வந்தது. போர் தண்ணீரின் உப்பைக் குறை சொன்னேன், சோப்பை மாற்றினேன், கடற்காற்றைப் பழித்தேன். பன்னீரை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை; வீட்டு மனிதரை எப்படிச் சந்தேகிப்பது? சென்ற ஜூன் மாதத்தோடு எனக்கு எழுபத்து நான்கு வயது முடிந்துவிட்டது. தோலும் என்னைப் போலவே மெலிந்துவிட்டது. முன்பு பொறுத்துக்கொண்டதை இப்போது பொறுப்பதில்லை. அன்று உன் அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, “அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே மூஞ்சி, ஒரே முரண்டு. கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு” என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் உன் வயதுடைய ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். மிகவும் மரியாதையான பிள்ளை.

“ஐயா, ஷேவ் பண்ணதும் மூஞ்சில என்ன போடுவீங்க?”

“பன்னீர்.”

“கடைல வாங்குறதா?”

“கடையே நம்மளுதுதாம்மா.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அப்ப ஒங்க வியாதிக்கு சப்ளையரே நீங்கதான்” என்றார். உன் அம்மா சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பன்னீரில் என்னென்ன கலக்கிறேன் என்று கேட்டறிந்த பிறகு அவர் சொன்னது மனத்தில் பதிந்தது. தோலின் மேலடுக்குக்கு இரண்டு வேலைகளாம்: உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பது, வெளியே இருக்கும் காரமான பொருள்களை உள்ளே விடாமல் தடுப்பது. நான் கேட்டேன், “அத்தர் குப்பியில மூடி தளர்ந்து போச்சின்னா, குப்பி ஒடையாமலே உள்ள இருக்கிறது பறந்து போவுமே, அது மாதிரியா?” என்று. “அதேதான்யா. ஒங்க மூடி தளர்ந்து போச்சு. நீங்க தெனமும் மேல ஸ்பிரிட்ட ஊத்தி இன்னும் தளர்த்துறீங்க” என்றார். அந்த நேரத்தில் உன் முகம் என் கண் முன்னே வந்தது. விடியுமுன் ரொட்டிக் கடை அடுப்பின் அனலில் நிற்கிறாய். வேலை முடிந்து பனிக்குளிரில் வெளியே வருகிறாய். அறைக்குப் போனதும் வெந்நீரில் முகம் கழுவுகிறாய். இத்தனைக்கும் மேலே, போகிறவர் வருகிறவர் கையில் எல்லாம் நான் கொடுத்தனுப்பிய பன்னீர்.

நீ முதன்முதலாகச் சவரம் செய்துகொண்ட நாள் உனக்கு நினைவிருக்கும். பிளேடு பட்டு மோவாயில் ரத்தம் துளிர்த்தது. நான் கடைப் பன்னீரை எடுத்துப் பூசினேன். நீ துள்ளினாய். “எரிஞ்சாதான் சுத்தம். ஆம்பளைக்கு இது கூடத் தாங்காதா?” என்றேன். அதையும் நீ நம்பினாய்; நான் சொன்னேன் என்பதற்காகவே இத்தனை வருடமும் ஒவ்வொரு காலையும் அதைப் பூசிக்கொண்டாய். மகனே, அந்தப் பன்னீர் எதனால் ஆனது என்பது இந்த ஊரில் என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? ரோஜாவை வடித்து இறக்கியது அல்ல அது. எசன்ஸும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சேர்த்து நானே கலக்குவது. பந்தலுக்கும் சட்டைக்கும் ஆனது. வாடிக்கைக்காரர் யாராவது பாயசத்தில் ஊற்றக் கேட்டால், இது ஆகாது, அது வேறு என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேற்று ஆளின் பாயசத்துக்குப் பார்த்த கவனத்தை உன் கன்னத்துக்கு நான் பார்க்கவில்லை. நம் கைச் சரக்கு நம் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது என்ற ஒரு கண்மூடித்தனம். அத்தர் கடைக்காரனுக்குத்தான் இந்தத் தவறு வாய்க்கும்.

மருத்துவர் பன்னீரை அடியோடு நிறுத்தச் சொன்னார். மிருதுவான, ஈரம் தரும் ஒரு டோனரும் அதன்மேல் பூச ஒரு மாய்ஸ்சரைசரும் போதும் என்றார். டோனர் என்ற சொல்லை அன்றுதான் சரியாக விளங்கிக்கொண்டேன். முகத்தின் அழுக்கை இழுத்துச் சுள்ளென்று காயவைப்பது ஒரு வகை. கழுவியபின் தோல் இழந்த ஈரத்தைத் திருப்பித் தருவது இன்னொரு வகை. நமக்கு வேண்டியது இரண்டாவது. கட்டாயம் இதுவும் வேண்டும் என்பதில்லை, நல்ல மாய்ஸ்சரைசர் ஒன்றே பலருக்குப் போதும் என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் சவரம் முடிந்ததும் கை தானாக ஒரு புட்டியைத் தேடும் நம் போன்றவர்களுக்கு, பன்னீர் இருந்த இடத்தில் வேறு ஒன்று இருந்தாக வேண்டும். உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மருந்துக் கடைக்குப் புறப்பட்டபோது உன் அம்மா, “ஒங்க மூக்க வீட்லயே வச்சிட்டு வாங்க. அது வந்தா வாசனையா இருக்கறதத்தான் எடுக்கும்” என்றாள். அவள் சொன்னது போலவேதான் நடக்க இருந்தது. கடைப் பெண் முதலில் ரோஜா வாசனையுள்ள ஒன்றை எடுத்து வைத்தாள். என் கை அதை நோக்கித்தான் போயிற்று. மெல்ல விலக்கினேன். அடுத்தது புதினா போலக் குளுகுளுவென்று இருப்பது. அந்தக் குளிர்ச்சியும் எரிச்சலுக்கு அண்ணன் தம்பி என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அதற்கடுத்தது முகம் பளபளக்க அமிலம் கலந்தது. தளர்ந்த மூடிக்கு அது வேண்டவே வேண்டாம். பிறகு நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு புட்டியின் பின்புறத்தையும் படித்தேன். வாசனைப் பொருளைப் பல புட்டிகளில் ‘பர்ஃபம்’ என்று பிரெஞ்சிலேயே எழுதுகிறார்கள். பள்ளியில் அந்தச் சொல்லை எழுதக் கற்ற நாளிலிருந்து அது எனக்குச் செல்லமான சொல். நம் கடைப் பலகையிலும் இருக்கிறது. அது எங்கே இல்லை என்று தேடிக்கொண்டு அன்று நின்றேன்.

கடைசியில் ‘வாசனையற்றது’ என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்ட ஒன்றைக் கடைப் பெண் தந்தாள். மாதிரிப் புட்டியைத் திறந்து மோந்தேன்.

“பாப்பா, இதுல வாசன இருக்கு.”

“இல்லன்னு போட்டிருக்கே தாத்தா.”

“இருக்கு. ஒரு நெடிய அமுக்க இன்னொண்ணு போட்டிருக்கான். பின்னால படிம்மா.”

அவள் கைப்பேசி வெளிச்சத்தில் பொடி எழுத்துகளைப் படித்துக்கொண்டே போனவள் நின்றாள். “அட ஆமா தாத்தா, பர்ஃபம்னு இருக்கு!” உன் அம்மா, “நல்லவேள, மூக்கு கூடவே வந்துச்சி” என்றாள். அவள் என்னைப் பாராட்டி அதிக காலமாகிறது. அதனால் அதை உனக்கும் தெரிவிக்கிறேன்.

முடிவில் நான் எடுத்தது மிகச் சாதாரணமான ஒரு புட்டி. சேர்மானப் பட்டியல் குட்டையாக இருக்கிறது. கிளிசரின், ஹயலுரானிக் அமிலம், எரிச்சலை ஆற்றும் பாந்தெனால் ஆகியவை இருக்கின்றன. இந்த அமிலம் பெயரில்தான் அமிலம். ஈரத்தைப் பிடித்து வைப்பது, அரிப்பதல்ல. உலர்த்தும் ஸ்பிரிட் இல்லை. பூ எண்ணெய் எதுவும் இல்லை. இயற்கை எண்ணெய் என்பதாலேயே அது சாதுவாகிவிடாது என்று மருத்துவர் சொன்னதை, நல்ல அத்தர் பட்டே சிலருக்குத் தடித்துப் போவதைக் கடையில் கண்ட நான் மறுக்க முடியாது. முதலில் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் தடவிச் சில நாள் பார்த்தேன். சிவக்கவில்லை. பிறகே முகத்தில் போட்டேன். எரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. ஒன்றுமே போடாதது போல இருந்தது. எரிச்சலைத்தான் இத்தனை காலம் மருந்தின் வேலை என்று எண்ணியிருந்தேன் போலும். இப்போது செதில் நின்றுவிட்டது. நமைச்சல் குறைந்திருக்கிறது, முழுவதும் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பொறுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர்.

நீயும் உன் மருத்துவரிடம் புட்டியைக் காட்டிவிட்டுத் தொடங்கு. முகம் வெடித்தோ நீர் கசிந்தோ இருந்தால் அது ஆறும்வரை தொடாதே. வெந்நீரை விட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவு. துண்டால் தேய்க்காதே, ஒற்றியெடு. தோல் ஈரமாக இருக்கும்போதே சில துளிகளை உள்ளங்கையில் விட்டு, பஞ்சு இல்லாமல், அப்படியே முகத்தில் வைத்து அழுத்து. காய்ந்துபோக விடாமல் உடனே மேலே மாய்ஸ்சரைசர் பூசு; இல்லாவிட்டால் வந்த ஈரம் வந்த வழியே போய்விடும். ஒரே நேரத்தில் நாலு புதுப் பொருளை வாங்கி அடுக்காதே. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ரொட்டிக் கடையில் உடன் வேலை செய்கிறவர்கள் ஆணுக்கு எதற்கு இது என்று கேலி செய்தால், “எங்க அத்தா எழுபத்து நாலு வயசுல பூசிக்கிறாரு” என்று சொல்.

கல்யாணத்துக்குப் போகும் மகனுக்குத் தகப்பன் எழுதும் கடிதத்தில் குடும்ப வாழ்க்கையைப் பற்றி ஏதாவது இருக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உனக்கு மனைவியாக வருகிறவள் என்றாவது ஒருநாள், நீ அன்பாகச் சொன்னதோ செய்ததோ தனக்கு எரிகிறது என்று சொல்வாள். அப்போது நீ எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாய் என்று விளக்கத் தொடங்காதே. அவள் சொன்னதை நம்பு. கையை எடுத்துக்கொள். விளக்கம் பிறகு இருக்கட்டும். உன் அம்மாவிடம் இதை நான் செய்தேனா என்று நீ அவளைக் கேட்கலாம்; அவள் பதில் நீளமாக இருக்கும், உனக்கு நேரம் இருக்கும்போது கேள்.

பெண் வீட்டுக்கும் செய்தி சொல்லியாயிற்று. முகத்தில் பன்னீர் இல்லாமல் போகலாம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உன் அம்மா தயங்கித் தயங்கிச் சொல்ல, கல்யாணப் பெண் உள்ளேயிருந்தே, “ஐயோ மாமி, எனக்கும் வேணாம். மேக்கப் கலைஞ்சிடும்” என்றதாம். ஊர் என்ன சொல்லும் என்று நான் ஒரு மாதமாக நெஞ்சில் சுமந்ததை, அவள் மேக்கப்பைச் சொல்லி ஒரு நொடியில் இறக்கி வைத்துவிட்டாள். உனக்குப் பொருத்தமானவள்தான்.

சபைக்குப் பன்னீர் உண்டு. பித்தளைச் செம்பில் வைத்து, கையை நீட்டுகிறவர்களின் கையில் மட்டும் விடச் சொல்லியிருக்கிறேன். பெரியத்தாவிடம் நானே பேசிவிட்டேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை. அன்று பிரியாணியைக் கண்டால் ஒப்பிவிடும். வெள்ளிச் செம்பைப் பற்றி நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதை விளக்கி எழுதிப் பார்த்தேன், நன்றாக வரவில்லை. இணைப்பில் பார்த்துக்கொள். ஜனவரி 18ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மேடையில் உன் முகத்தை நான் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். அது சிவந்திருந்தாலும் சரி, செதில் விட்டிருந்தாலும் சரி. பயப்படாமல் ஊருக்கு வா. இனி நீ தொலைபேசியில் அழைக்கும்போது நான் கடையில் இருக்க மாட்டேன்.

துஆவுடன்,
உன் அத்தா

இந்தக் கடிதத்துடன், பிரான்சுக்குப் புறப்படும் எதிர்வீட்டு மதாம் கையில் கொடுத்தனுப்பியவை:

1. டோனர், சீல் பிரிக்காத புட்டிகள் இரண்டு. மதாம் இவற்றைப் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் ஒரு முறை நினைவூட்டு.

2. பருத்தித் துண்டு ஒன்று. உன் அம்மா வாசனைப் பொடி போடாமல் துவைத்தது.

3. கல்யாணப் பத்திரிகை ஒன்று. எல்லாப் பத்திரிகைகளின் மூலையிலும் வழக்கம்போல அத்தர் தொட்டு வைத்தேன். இதை மட்டும் முன்னதாகவே தனியே எடுத்துவிட்டேன்.

4. வெள்ளிப் பன்னீர்ச் செம்பின் திருகு மூடி, துளைகள் உள்ள தலைப்பகுதி. செம்பு இங்கே என்னிடம் இருக்கிறது. இது இல்லாமல் அதிலிருந்து யாராலும் தெளிக்க முடியாது, என்னாலும் முடியாது. கொண்டு வருவதும், அங்கேயே விட்டுவிட்டு வருவதும் உன் விருப்பம். கொதிநீரில் கழுவி, மாடி வெயிலில் காயவைத்து, நானே மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.